வாசலில் ஒரு வாளித் தண்ணீர்

பெருந்தொற்று நாட்களில் வீட்டைக் காவல் காத்தது யார், மாஸ்க்கைத் தாடையில் தொங்கவிட்டது யார், ஊசி யாருக்குப் பிந்திப் போனது?

2020 ஏப்ரல். சாயங்காலம் ஐந்தரை மணி. எங்கள் தெருவில் ஈ காக்கை இல்லை. எதிர்வீட்டு அண்ணனின் லோடு ஆட்டோ மட்டும் முக்கில் திரும்பி வந்து நின்றது. காய்கறி மார்க்கெட்டில் மூட்டை ஏற்றி இறக்கும் பிழைப்பு அவருக்கு. ஊரடங்கிலும் அது நிற்கவில்லை. வண்டிச் சத்தம் கேட்டதுமே அவர் மனைவி, நாங்கள் அக்கா என்று அழைப்பவர், வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஏங்க, அங்கேயே நில்லுங்க. செருப்பை வெளியிலயே விடுங்க."

படியோரம் நீல நிற வாளியில் தண்ணீர், துணி சோப்பு, மடித்து வைத்த ஒரு லுங்கி. நிலைவாசலில் வேப்பிலைக் கொத்து. அண்ணனின் மாஸ்க் தாடைக்குக் கீழே கிடந்தது. ரவிக்கைத் துணி மிச்சத்தில் அக்கா தன் கையால் தைத்த மாஸ்க் அது.

"மூட்டை தூக்குறவனுக்கு இதைப் போட்டா மூச்சு முட்டுது. எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதுடி."

"உங்களுக்கு ஆகாது. உள்ள அத்தை இருக்காங்க."

அவர் முனகிக்கொண்டே கை, கால், முகம் கழுவிவிட்டு உள்ளே போனார். மூன்று நிமிடம். அக்காவுக்கு அதன்பிறகுதான் வேலை. அவர் கழற்றிப்போட்ட சட்டையைக் குச்சியால் எடுத்துச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தார். படியைக் கழுவினார். கதவுப் பிடியைத் துடைத்தார். மறுநாளைக்கு மாஸ்க்கைக் கொதிநீரில் போட்டு எடுத்தார். கடைசியாக வாளியில் புதுத் தண்ணீர் பிடித்து வைத்தார். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. எங்கள் தெருவில் பதினெட்டு வீடுகள். அந்த வாரம் பதினொரு வாசலில் வாளி இருந்தது. அதில் ஒன்றைக்கூட ஒரு ஆண் நிரப்பி நான் பார்க்கவில்லை. எங்கள் வீட்டு வாளியையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. காய்ச்சல் சீசன் வரும்போதெல்லாம் 'மறுபடி மாஸ்க் போடணுமா?' என்ற பேச்சு கிளம்புகிறது. அதைக் கேட்பதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. இந்த வேறுபாட்டைச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பெருந்தொற்றில் அதற்கு விலை இருந்தது. ஆண்கள் ஒரு விதமாகக் கொடுத்தார்கள், பெண்கள் வேறு விதமாகக் கொடுத்தார்கள்.

■ எட்டு நாடுகளில் அதே வாசல்

2020 மார்ச்சிலும் ஏப்ரலிலும் ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, நியூசிலாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய எட்டு நாடுகளில் 21,649 பேரிடம் ஆய்வாளர்கள் கேள்வி கேட்டார்கள். 'இது மிகக் கடுமையான நோய்' என்று மார்ச்சில் சொன்ன பெண்கள் 59 சதவீதம், ஆண்கள் 48.7 சதவீதம். கட்டுப்பாடுகளைக் கடைப்பிடிக்கும் அளவீட்டில் பெண்கள் 88.1, ஆண்கள் 83.2. ஒரு மாதம் போனதும் எல்லோருக்கும் சலிப்புத் தட்டியது. பெண்கள் 77.6-க்கும் ஆண்கள் 71.8-க்கும் இறங்கினார்கள். அப்போதும் இடைவெளி மட்டும் சுருங்கவில்லை.

நல்ல பெயர் வாங்குவதற்காகப் பெண்கள் கூட்டிச் சொல்லியிருப்பார்களோ என்ற சந்தேகம் எழலாம். ஆய்வாளர்களுக்கும் எழுந்தது, தனியாகச் சோதித்து, அது காரணம் இல்லை என்று முடிவுக்கு வந்தார்கள். வயது, படிப்பு, வேலை ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தார்கள், வேறுபாடு அப்படியே நின்றது. துணையோடு ஒரே வீட்டில் வாழ்பவர்களிடமும், நோயை நேரில் கண்டவர்களிடமும் மட்டும் அது ஓரளவு குறைந்தது.

இது கொரோனாவோடு பிறந்த பழக்கமும் இல்லை. அதற்கு முந்தைய சுவாசத் தொற்றுகளைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2016-இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. கை கழுவுவது, முகம் மூடுவது, கூட்டத்தைத் தவிர்ப்பது போன்றவற்றில் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ 50 சதவீதம் கூடுதல் வாய்ப்பு என்றது அது. அதே ஆய்வின் இன்னொரு பாதியை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. மருந்து, தடுப்பூசி என்று வந்தால் கணக்கு மாறுகிறது. அங்கே ஆண்கள் சற்று முன்னே நிற்கிறார்கள். இந்தியாவில் 2021-இல் நடந்ததும் அதுவே. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

――――――――――
கேட்காமல் எண்ணிய கணக்கு

• இங்கிலாந்தின் நெடுஞ்சாலை ஓய்விடக் கழிப்பறைகளில் ஏறத்தாழ 2 லட்சம் பேரின் கை கழுவும் பழக்கத்தை உணர்கருவி வைத்துக் கணக்கிட்டார்கள். 2009-இல் முடிவு வெளியானது. சோப்புப் போட்ட பெண்கள் 64 சதவீதம், ஆண்கள் 32 சதவீதம்.

• அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 2020 கோடையில் கடைகளுக்குள் நுழைந்த 9,935 பேரைப் பார்த்து எண்ணினார்கள். ஜூன் தொடக்கத்தில் மாஸ்க் போட்டவர்கள் 41 சதவீதம். போட்டிருக்கும் வாய்ப்பு பெண்களுக்கு ஒன்றரை மடங்கு. மாஸ்க் கட்டாயம் என்று ஆனபிறகு, மொத்தத்தில் 96 சதவீதத்தைத் தாண்டியது.
――――――――――

■ தாடையில் தொங்கிய மாஸ்க்

அமெரிக்காவில் 2020-இல் 2,459 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு, மாஸ்க் போடும்போது மனசுக்குள் என்ன தோன்றுகிறது என்று கேட்டது. மாஸ்க் வெட்கமாக இருக்கிறது, பலவீனத்தின் அடையாளமாக இருக்கிறது என்று பெண்களைவிட ஆண்களே கூடுதலாகச் சொன்னார்கள். தனக்கு நோய் கடுமையாக வராது என்ற நம்பிக்கையும் ஆண்களிடமே அதிகம் இருந்தது. நிஜத்தில் நோய் ஆண்களையே அதிகம் சாய்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

எங்கள் ஊர் டீக்கடையில் இதற்கு ஆய்வு தேவைப்படவில்லை. "உழைச்ச உடம்பு", "நாம பார்க்காத காய்ச்சலா", "ஒரு குவாட்டர் அடிச்சா எல்லாம் ஓடிடும்" என்பவை அந்த மாதங்களில் சரளமாகக் காதில் விழுந்த வசனங்கள். 2020 மே 7-ஆம் தேதி, சென்னை தவிர்த்து மாநிலம் முழுக்க டாஸ்மாக் மதுக்கடைகள் திறந்தன. ஒரே நாளில் ஏறத்தாழ 170 கோடி ரூபாய் விற்பனை. சில ஊர்களில் கடை முன்னால் பெண்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வீட்டுக்குள் வரப்போவது போதையோடு முடியாது, கிருமியும் கூட வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் கடைகளை மூடச் சொன்னது. ஒரு வாரத்தில் உச்ச நீதிமன்றத் தடை வந்து கடைகள் மறுபடி திறந்தன.

சரி, ஆண் என்றாலே அலட்சியம், பெண் என்றாலே எச்சரிக்கை என்று இதை இயற்கைக் கணக்கில் எழுதிவிடலாமா? எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மேலே சொன்ன அமெரிக்க ஆய்விலேயே பதில் இருக்கிறது. மாஸ்க் கட்டாயமாக இருந்த பகுதிகளில் ஆண் பெண் வேறுபாடு கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. 2020 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாஸ்க் போடாதவருக்கு 200 ரூபாய் அபராதம் என்றது. போலீஸ் நிற்கிற சிக்னலுக்கு நூறடி முன்னால் எத்தனை தாடைகளிலிருந்து மாஸ்க் மூக்குக்கு ஏறியது என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். இயற்கை என்றால் 200 ரூபாய்க்கு மாறாது. போட்டால் நாலு பேர் சிரிப்பார்கள் என்ற கூச்சம் அது. எல்லோரும் போட்டே ஆகவேண்டும் என்றதும் கூச்சத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று.

இங்கிலாந்துக் கழிப்பறை ஆய்வில் இன்னொரு நுணுக்கம் உண்டு. வாசலில் மின்பலகையில் விதவிதமான வாசகங்களை ஓடவிட்டுப் பார்த்தார்கள். கிருமியைப் பற்றிய தகவல் பெண்களிடம் வேலை செய்தது. ஆண்களிடம் அருவருப்பூட்டும் வாசகம் வேலை செய்தது. பக்கத்தில் நிற்பவர் சோப்புப் போடுகிறாரா என்று கேட்ட வாசகம் இருபாலரையும் அசைத்தது. நம் ஊரில் நடிகர்கள் வந்து கை கழுவிக் காட்டினார்கள், போன் செய்தால் இருமல் சத்தம் கேட்டது. மூட்டை தூக்கும் மனிதருக்கு, வியர்வையில் நனைந்த மாஸ்க்கை எப்போது மாற்றுவது, எங்கே கழற்றுவது, மாற்று மாஸ்க்குக்குக் காசு யார் தருவது என்று அவர் மொழியில் யாரும் சொல்லவில்லை. 'மூச்சு முட்டுது' என்று அண்ணன் சொன்னதில் பாதி வீம்பு, மீதி உண்மை. அந்த உண்மைக்கு இன்றுவரை பதில் இல்லை.

■ வீடே ஆஸ்பத்திரி

எச்சரிக்கையாக இருப்பது என்றால் ஏதோ மனநிலை போலப் பேசுகிறோம். அக்காவின் அந்த முக்கால் மணி நேரத்தைப் பார்த்தவன் அப்படிப் பேசமாட்டான். அது வேலை.

பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டு, 2019-இல், இந்தியர்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று தேசிய அளவில் கணக்கெடுத்தார்கள். வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்கு 299 நிமிடம் அதில் செலவழிக்கிறாள். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். ஏற்கெனவே ஐந்து மணி நேரம். அதன் மேல் கொரோனா எதையெல்லாம் ஏற்றியது என்று நினைத்துப் பாருங்கள். பால் பாக்கெட்டைக் கழுவு. காய்கறியை உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் ஊறவை. கபசுரக் குடிநீர் காய்ச்சு. ஆவி பிடிக்கத் தண்ணீர் சுடவை. பள்ளிக்கூடம் மூடிவிட்டது, பிள்ளையைப் போன் முன்னால் உட்காரவை. மாமியாரை வாசல் பக்கம் வரவிடாதே. கைகழுவச் சொல்லிச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்.

இதில் எல்லாமே பயன் தந்ததா? இல்லை. ஆவி பிடிப்பதால் கிருமி சாவதில்லை. கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோகும் ஆபத்து வேறு. பால் பாக்கெட் வழியாகத் தொற்றும் வாய்ப்பு மிகச் சொற்பம் என்று பின்னால் தெரிந்தது. காற்று வழியாகப் பரவும் நோய்க்கு ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்பதை முதலிலேயே உரக்கச் சொல்லியிருந்தால், கோடிக்கணக்கான பெண்களின் கை அத்தனை நாள் சோப்பு நுரையில் ஊறியிருக்க வேண்டியதில்லை. தவறான அறிவுரையின் சுமை அறிவுரை சொன்னவர் தலையில் விழவில்லை. அதைச் செய்தவள் தலையில் விழுந்தது.

அப்புறம் 'வீட்டுத் தனிமை' வந்தது. 2021 மே மாதத்தில் படுக்கை கிடைக்காமல் ஆம்புலன்ஸ்கள் ஆஸ்பத்திரி வாசலில் வரிசை கட்டி நின்றபோது, லேசான அறிகுறி உள்ளவர்கள் வீட்டிலேயே இருந்து தேறினார்கள். கணவர் உள் அறையில். தட்டு கதவுக்கு வெளியே. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 94-க்குக் கீழே போகிறதா என்று ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்ப்பவர் மனைவி அல்லது அம்மா. ஒற்றை அறை வீட்டில் அந்த 'உள் அறை'யே கிடையாது. எதிர்வீட்டு அண்ணனுக்கு அந்த மாதம்தான் காய்ச்சல் வந்தது. தொற்று வந்த வீடுகளை அடைத்த நாட்களில் பிறந்த, 'வாசலில் தகரம் அடிச்சிடுவாங்க' என்ற முதல் வருடத்துப் பயம் விலகாமல், மூன்று நாள் யாருக்கும் சொல்லாமல் வண்டி ஓட்டியிருக்கிறார். நான்காம் நாள் அக்காவே அவரைக் காய்ச்சல் முகாமுக்கு இழுத்துப் போனார். அவர் தேறினார். அடுத்த வாரம் அக்கா படுத்தார். அக்காவுக்குத் தட்டு வைத்தது பதினான்கு வயது மகள்.

■ 1918: பணிவிடை செய்தவள் முந்திப் போனாள்

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1918 இன்ஃபுளூயன்சா இந்தியாவில் குறைந்தது 1.2 கோடிப் பேரைக் கொன்றது. பல நாடுகளில் ஆண்கள் கூடுதலாக இறந்தார்கள். இந்தியாவில் பெண்கள் கூடுதலாக இறந்தார்கள். அந்த வருடம் மழை பொய்த்து, தானியம் விலையேறிக் கிடந்தது. எல்லோரும் உண்ட பிறகு மிச்சத்தை உண்டவள், காய்ச்சல் கண்ட ஒவ்வொருவர் தலைமாட்டிலும் உட்கார்ந்தாள். வலுவில்லாத உடம்போடு கிருமிக்கு மிக அருகில் இருந்தது அவளே என்று வரலாற்று ஆய்வாளர்கள் காரணம் சொல்கிறார்கள்.

பெண் என்றால் எப்போதும் கவசத்தின் பக்கம் என்றும் நினைக்க வேண்டாம். அதே கொள்ளைநோயில் சான்பிரான்சிஸ்கோ நகரம் மாஸ்க்கைக் கட்டாயமாக்கியபோது, 1919 ஜனவரியில் அதை எதிர்க்க ஒரு சங்கம் பிறந்தது. அதன் தலைவர் ஒரு பெண் வழக்கறிஞர்.

■ கணவனை இழந்த வீடுகள்

2020 மே மாதம் மத்திய சுகாதாரத்துறை சொன்ன கணக்கு இது: அதுவரை கொரோனாவில் இறந்தவர்களில் 64 சதவீதம் ஆண்கள், 36 சதவீதம் பெண்கள். பின்னர் வந்த மாதங்களிலும் ஆண்களின் பங்கே மேலே நின்றது. உலகின் பல நாடுகளிலும் இதே போக்கு.

இதில் உடம்புக்கும் பங்கு உண்டு. நோய் எதிர்ப்பில் பங்குள்ள சில மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. பெண்ணுக்கு அது இரண்டு, ஆணுக்கு ஒன்று. அப்படிப்பட்ட ஒரு மரபணுவில் குறை இருந்த இளைஞர்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டதை 2020-லேயே நெதர்லாந்து மருத்துவர்கள் எழுதினார்கள். ஆனால் உடம்போடு பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி இந்திய ஆண்களில் 42.4 சதவீதம் பேர் புகையிலை பயன்படுத்துகிறார்கள்; பெண்களில் 14.2 சதவீதம். நுரையீரலும் இதயமும் ஏற்கெனவே அடிவாங்கியிருக்க, மூன்று நாள் காய்ச்சலை மறைத்து வேலைக்குப் போகும் வீம்பும் சேர்ந்தால், ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும்போது ஆக்சிஜன் அளவு எங்கே இருக்கும்? இது எண்ணிக்கை விவாதமாக மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு ஆண் மரணத்துக்குப் பின்னாலும் பெரும்பாலும் ஒரு பெண் நின்றாள்: வண்டிக் கடன் யார் பெயரில் என்று தெரியாமல், வங்கிக் கணக்கின் ரகசிய எண் தெரியாமல்.

2021 மே இறுதியில் தமிழ்நாடு அரசு, பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புநிதியும், ஒருவரை இழந்த குழந்தைக்கு 3 லட்சம் ரூபாயும் அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் அதற்கு இறப்புச் சான்றிதழில் 'கொரோனா' என்று இருக்க வேண்டியிருந்தது. மறைத்து வைத்த காய்ச்சலில், பரிசோதனை செய்யாமலே வீட்டில் போனவர்களின் மனைவிமார் அந்தச் சான்றிதழுக்கு அலைந்த அலைச்சல் சாதாரணமானதா? தகரத்துக்கும் ஊர்ப் பேச்சுக்கும் பயந்து ஒரு ஆண் எடுத்த முடிவின் பாரம் பல வருடங்கள் ஒரு பெண்ணின் தோளில் இருந்தது.

ஆண், பெண் என்ற இரண்டு பத்தியில் அடங்காதவர்களும் இருந்தார்கள். தமிழ்நாட்டின் தினசரி கொரோனா அறிக்கையில் திருநங்கை, திருநம்பியருக்குத் தனிக் கட்டம் இருந்தது பாராட்ட வேண்டியது. அறிக்கையில் இடம் கிடைத்த பலருக்கு ரேஷன் அட்டையில் இடமில்லை. நிவாரணம் அட்டையோடு கட்டப்பட்டிருந்தது. அட்டை இல்லாத திருநங்கையருக்குத் தனியே 2,000 ரூபாய் என்ற அறிவிப்பு வர 2021 ஜூன் ஆனது. ஒற்றை அறையில் நாலைந்து பேராகத் தங்கியிருந்தவர்களிடம் 'இடைவெளி விட்டு இருங்கள்' என்று சொல்வதில் என்ன இருக்கிறது?

■ ஊசி முனையில் புரண்ட கணக்கு

மாஸ்க்கில் முன்னால் நின்ற பெண்கள் ஊசிக்குப் பின்னால் போனார்கள். 2021 ஜூன் வாக்கில் இந்தியாவில் 1,000 ஆண்கள் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தால், பெண்கள் 900-க்கும் குறைவு. 2011 மக்கள்தொகைக் கணக்கில் 1,000 ஆண்களுக்கு 943 பெண்கள். ஆகவே 'பெண்களே குறைவு' என்ற சமாதானம் எடுபடாது. கேரளம் போன்ற ஓரிரு இடங்களில் மட்டுமே பெண்கள் முந்தியிருந்தார்கள்.

ஏன்? வாளி வாசலில் இருந்தது, ஊசி வெளியில் இருந்தது. வீட்டுக்குள் செய்ய முடிந்ததையெல்லாம் செய்தவளுக்கு, வீட்டைத் தாண்டிச் செய்ய வேண்டியது எட்டவில்லை. கோவின் தளத்தில் பதிவு செய்ய ஸ்மார்ட்போன் வேண்டும். ஓடிபி வரும்போது அந்தப் போன் கையில் இருக்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தானே பயன்படுத்தும் கைபேசி உள்ள பெண்கள் 54 சதவீதம். இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய பெண்கள் மூன்றில் ஒருவர். சந்தைக்கும் மருத்துவமனைக்கும் ஊருக்கு வெளியேயும் தனியாகப் போய்வர முடிந்தவர்கள் 42 சதவீதம்.

அதோடு வதந்தி. மாதவிடாய்க்கு முன்னும் பின்னும் ஐந்து நாட்கள் ஊசி போடக்கூடாது என்ற செய்தி 2021 ஏப்ரலில் வாட்ஸ்அப்பில் சுற்றியது. பிள்ளை பிறக்காது என்றது இன்னொன்று. அரசு மறுத்தது. ஆனாலும் அந்தப் பெண்களை அறியாதவர்கள் என்று திட்டுவது அநியாயம். பெரிய தடுப்பூசிச் சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை. மாதவிடாயில் மாற்றம் வருகிறதா என்று முறையாகக் கேட்கவும் இல்லை. 2022 ஜனவரியில் ஏறத்தாழ 4,000 அமெரிக்கப் பெண்களின் பதிவுகளை வைத்து வந்த ஆய்வு, சுழற்சியின் நீளத்தில் சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவான தற்காலிக மாற்றம் மட்டுமே என்றது. நிம்மதி தரும் பதில்தான். பெண்கள் கேள்வி கேட்டு ஒரு வருடம் கழித்து வந்தது. அந்த ஒரு வருடத்தை வாட்ஸ்அப் நிரப்பியது.

――――――――――
ஊசி வந்த வழி

2021 ஜனவரி 16: சுகாதாரப் பணியாளர்கள்
மார்ச் 1: 60 வயதுக்கு மேற்பட்டோர்
ஏப்ரல் 1: 45 வயதுக்கு மேற்பட்டோர் அனைவரும்
மே 1: 18 வயதுக்கு மேற்பட்டோர்
மே 19: பாலூட்டும் தாய்மாருக்கு அனுமதி
ஜூலை 2: கர்ப்பிணிகளுக்கு அனுமதி
செப்டம்பர் 12: தமிழ்நாட்டின் முதல் மெகா முகாம், ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிகள்
――――――――――

அந்தப் பட்டியலில் ஜூலை 2-ஐக் கவனியுங்கள். இரண்டாம் அலை மே மாதத்தில் உச்சம் தொட்டு இறங்கிய பிறகே கர்ப்பிணிகளுக்குக் கதவு திறந்தது. அந்த அலையில் நிறைமாதத்தோடு ஆக்சிஜன் படுக்கைக்குப் போனவர்களை மருத்துவர்கள் இன்றும் மறக்கவில்லை.

ஆண்கள் எல்லோரும் ஓடிப்போய் ஊசி போட்டுக்கொண்டார்கள் என்றும் இல்லை. முதலில் மெகா முகாம்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தன. ஊசி போட்டால் குடிக்கக்கூடாது, கறி சாப்பிடக்கூடாது என்று நம்பிய பலர் ஞாயிறன்று முகாமுக்கு வரவில்லை. 2021 அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார் அன்றைய சுகாதாரத்துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன். ஆண்களின் ஞாயிற்றுக்கிழமைக்காக ஓர் அரசாங்கம் நாளை மாற்றியது. அதில் தவறே இல்லை. ஆளைப் புரிந்துகொண்டு செய்த காரியம் அது. அதே அளவு யோசனையைப் பெண்களின் திங்கட்கிழமைக்கும் கொடுத்திருக்கலாம் என்பதே என் ஆதங்கம். ஊசிக்குப் பிந்தைய காய்ச்சலும் உடல்வலியும் பெண்களிடமே கூடுதலாகப் பதிவாகியிருக்கின்றன. இரண்டு நாள் படுத்தால் உலை யார் வைப்பது என்ற கேள்விக்கு எந்த முகாமிலும் பதில் இல்லை.

இடைவெளி எப்படி மூடியது என்பதில் பாடம் இருக்கிறது. பள்ளிக்கூடத்திலும் அங்கன்வாடியிலும் முகாம் வந்தது, முன்பதிவு தேவையில்லை என்றானது, நவம்பரிலிருந்து நாடு முழுக்க வீடு வீடாக ஊசி போனது. 2021 முடிவதற்குள் ஆண் பெண் வேறுபாடு பெரும்பாலும் கரைந்துவிட்டது. தயக்கம் என்று நாம் பெயர் வைத்ததில் பெரும்பகுதி தூரம்தான்.

■ கிட் போட்டவர்கள்

அப்படி வீடு வீடாகப் போனவர்கள் யார்? கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடி ஊழியர், சுயஉதவிக் குழுப் பெண்கள். உலகச் சுகாதார, சமூகநலப் பணியாளர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பெண்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்கள் போட்ட 'கிட்', அதாவது கவச உடை, பல நாடுகளில் ஆண் உடம்பின் அளவுக்குத் தைக்கப்பட்டது. தோள் தொங்கியது, கண்ணாடி நழுவியது, முகத்தோடு ஒட்டாத மாஸ்க்கில் காற்று கசிந்தது. ஆறு மணி நேரம் அதைக் கழற்ற முடியாது, மாதவிடாய் நாளிலும்தான். தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போகவேண்டும் என்று குடிக்காமலே பணி முடித்த செவிலியர்களை எல்லா ஊரிலும் கேட்கலாம்.

அவர்களுக்காகக் கைதட்டினோம், விளக்கேற்றினோம். கொரோனா காலத்தில் ஒப்பந்த அடிப்படையில் தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட 2,000-க்கும் மேற்பட்ட செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடித்துவைக்கப்பட்டது. பெரும்பாலும் பெண்கள். புத்தாண்டு முதல் நாள் அவர்கள் தெருவில் நின்று கோரிக்கை அட்டை பிடித்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

■ நினைவூட்ட ஓர் ஆள்

வங்கதேசத்தில் 2020-21-இல் 600 கிராமங்களில், 3.4 லட்சம் பேரை உள்ளடக்கி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இலவச மாஸ்க், வீடு தேடித் தகவல், இமாம்கள் முதலானோர் தாங்களே போட்டுக் காட்டுவது, சந்தையிலும் பள்ளிவாசலிலும் நின்று 'ஐயா, மாஸ்க்' என்று தன்மையாக நினைவூட்ட ஆட்கள். சரியாக மாஸ்க் போட்டவர்கள் 13.3 சதவீதத்திலிருந்து 42.3 சதவீதமாக உயர்ந்தார்கள். சர்ஜிகல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில் 60 வயதைத் தாண்டியவர்களிடம் அறிகுறியோடு கூடிய தொற்று 35 சதவீதம் குறைந்தது.

இதில் என்னை ஈர்த்தது அந்த நினைவூட்டும் ஆள். எங்கள் தெருவில் அந்த வேலையை அக்கா சம்பளமில்லாமல், ஏச்சும் வாங்கிக்கொண்டு செய்தார். வங்கதேசத்தில் அதை ஒரு பொது வேலையாக்கி, ஆண்கள் கூடும் இடத்துக்கே கொண்டுபோய், கூலியும் கொடுத்து ஒருவரை நிறுத்தினார்கள். அடுத்த தொற்று வரும்போது நம் ஊர் மார்க்கெட்டில், டாஸ்மாக் வரிசையில், ஆட்டோ ஸ்டாண்டில் அப்படி ஒருவர் நிற்க வேண்டும். மாற்று மாஸ்க்கும் அவர் கையில் இருக்க வேண்டும்.

சென்ற வாரம் இந்தக் கட்டுரைக்காக அக்காவிடம் பேசினேன். அண்ணனுக்கு ஊசி போட்டது மார்க்கெட்டிலேயே நடந்த முகாமில், காய்ச்சல் வந்து தேறிய சில மாதங்களில். அக்காவுக்குச் செப்டம்பரில், இரண்டு தெரு தள்ளிப் பள்ளிக்கூடத்தில் முகாம் வந்தபோது. இரண்டாவது ஊசிக்கு மறுநாள் காய்ச்சல் அடித்தது. மாத்திரை போட்டுக்கொண்டு இட்லி ஊற்றினேன் என்றார்.

"சர்டிபிகேட் இருக்காக்கா?"

"அதெல்லாம் அவரு போன்லதான் வந்துச்சு. அந்தப் போனு போன வருசம் உடைஞ்சு போச்சு."